வீட்டுக்குள்தானே இருக்கிறது பிள்ளை

திருகோணமலையில் பிள்ளை வளர்த்தவர்களுக்குக் காவல் காக்கத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. எந்தச் சோதனைச்சாவடியில் எத்தனை மணிக்கு மறிப்பார்கள், எந்த ஒழுங்கையால் வந்தால் இருட்டுவதற்கு முன் வீடு சேரலாம் என்பதெல்லாம் போர்க்காலத் தாய்மாருக்கு மனப்பாடம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்கருகே நின்ற ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, பொழுது சாய்ந்தால் பிள்ளை வெளியே நிற்கக்கூடாது என்பது இந்த நகரத்தின் எழுதாத சட்டமாகிவிட்டது. கடலுக்கும் தெருவுக்கும் ஒருசேரப் பயந்து வாழ்ந்ததில் எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இறுகிப்போனது: ஆபத்து வெளியே இருக்கிறது, பிள்ளை வீட்டுக்குள் வந்துவிட்டால் தப்பிவிட்டது.

அந்த நம்பிக்கையோடுதான் ஸ்மார்ட் போனையும் வீட்டுக்குள் எடுத்தோம். தெருவுக்குப் போனால் மோட்டார் சைக்கிள், கடற்கரைக்குப் போனால் அலை. போனோடு மூலையில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று முழுமனதோடு நம்பினோம். "ஒரு கரைச்சலும் இல்லை, அது தன்ர பாட்டில பார்த்துக்கொண்டு இருக்கும்" என்று வீட்டுக்கு வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னோம். ஆறு வயதுப் பிள்ளை மணிக்கணக்கில் எதைப் பார்க்கிறது, யாருடைய குரலைக் கேட்கிறது என்று கேட்காமல் விட்டோம். இந்த மாவட்டத்துப் பெற்றோர், ஆசிரியர்கள், பத்திரிகையில் எழுதுகிறவர்கள், கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த தவறு இது. ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்ப முடியாது.

2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவுக்காக நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் வட்ஸ்அப்பில் வரும், ஸூமில் வரும் என்றார்கள். அடகுக்கடைக்குப் போய் நகையை வைத்துப் போன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. ஊவா மலைப்பகுதியின் போஹிட்டியாவ என்ற கிராமத்தில் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே பாறை உச்சிக்கு ஏறிய படங்கள் 2021இல் உலகச் செய்திகளில் வந்தன. அப்போது எங்கள் எல்லோருடைய வாயிலும் ஒரே கேள்விதான் இருந்தது: போன் கிடைத்ததா, டேட்டா இருக்கிறதா? அது நியாயமான கேள்வி. வறுமைக்கும் கல்விக்கும் நடுவில் நின்று கேட்ட கேள்வி. அதற்குப் பின்னால் கேட்டிருக்க வேண்டியவற்றைத்தான் கேட்காமல் விட்டோம். பாடம் முடிந்த பிறகு அந்தப் போன் யார் கையில் இருக்கிறது? பாடசாலை மறுபடி திறந்த பிறகு அதைத் திரும்ப வாங்கினோமா? மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அவசரத்துக்குக் கொடுத்த பொருள் அதன் சொந்தப் பொருளாகிப் போனது எங்கள் கண்முன்னால்தான் நடந்தது.

எழுத்துக்கூட்டத் தெரியாத தரம் ஒன்றுப் பிள்ளைக்கும் யூரியூப்பில் ஒலிவாங்கியின் படத்தை அழுத்தித் தமிழில் கேட்கத் தெரியும். அது கேட்டது வரும். முடிந்ததும் கேளாதது தானாக ஓடத் தொடங்கும். அங்கிருந்து நாலைந்து காணொளி தள்ளிப் போனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது அடுப்படியில் நிற்கும் தாய்க்குத் தெரியாது. ஃப்ரீ ஃபயர், ரோப்லொக்ஸ் போன்ற விளையாட்டுகளை வெறும் சுடுகிற விளையாட்டு, கட்டுகிற விளையாட்டு என்று நினைத்தோம். அவற்றுக்குள் முன்பின் தெரியாதவரோடு பேசவும் எழுதவும் வழி இருக்கிறது. அங்கே பழகுகிற ஒருவர், "உன் வட்ஸ்அப் நம்பரைத் தா" என்று கேட்பதுதான் பெரும்பாலும் முதற்படி. அதை அறிந்த பெற்றோர் எங்களில் மிகக் குறைவு. இந்தச் செயலிகளில் பலவற்றுக்குப் 13 வயது என்று ஒரு வரம்பு உண்டு. கணக்குத் திறக்கப் பிறந்த ஆண்டைக் கேட்டபோது எங்கள் சொந்த ஆண்டைப் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். அதோடு, அந்தப் போன் எட்டு வயதுப் பிள்ளையை நாற்பது வயது ஆளாக எண்ணி நடத்தத் தொடங்கியது.

யுனிசெப் அமைப்பு 2018இல் இலங்கைப் பிள்ளைகளின் இணையப் பாவனை பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. அது விசாரித்தது 11 முதல் 18 வயது வரையானவர்களை. அதில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் இணையத்தைப் பயன்படுத்தினார்கள். ஆரம்பப் பிரிவுப் பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை. இரண்டே வருடத்தில் அந்தப் பிள்ளையின் கையில் போன் வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லையே என்று பத்திரிகைக்காரராவது கேட்டிருக்க வேண்டும்.

போனைப் பறித்து வைத்தால் போதும் என்று கொழும்பில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். மூதூரிலும் கிண்ணியாவிலும் தோப்பூரிலும் எத்தனையோ வீடுகளில் அந்தப் போன்தான் தாய். உம்மா சவூதியிலோ குவைத்திலோ இன்னொருவர் வீட்டில் வேலை செய்கிறாள். பிள்ளை அவள் முகத்தைக் காண்பது இமோவில், வட்ஸ்அப்பில், அந்த வீட்டு வேலை ஓய்ந்த பின்னிரவில். இங்கே பிள்ளையைப் பார்ப்பவர் உம்மம்மா. அவருக்குப் பச்சைப் பொத்தான் தெரியும், சிவப்புப் பொத்தான் தெரியும், அதற்கு மேல் தெரியாது. வெளிநாடு போகும் தாய்மாரிடம் 2013 முதல் அரசு குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று அதிகாரிகள் விசாரித்தார்கள். அந்த நடைமுறை பெண்களுக்கு அநீதி என்ற வாதம் எனக்கும் உடன்பாடானதே. நான் சொல்ல வருவது ஊராகிய எங்களைப் பற்றி. அந்த உம்மம்மாவின் பக்கத்தில் அரை மணி நேரம் இருந்து, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வருகிற அழைப்பை எப்படித் தடுப்பது என்று காட்டிக் கொடுக்கப் பக்கத்து வீட்டு இளைஞர்களுக்கு நேரமில்லாமல் போனதா? மாதர் சங்கம் இருந்தது, கிராம அபிவிருத்திச் சங்கம் இருந்தது. வீதி விளக்குக்கும் வடிகானுக்கும் கூட்டம் கூடியது. இதற்கு ஒரு பின்னேரம் ஒதுக்கவில்லை.

அந்நியனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எங்களைப் பற்றிய உண்மை மறைந்துவிடும். ஒரு சின்னப் பிள்ளை போனில் காணக்கூடாதவற்றைப் பெரும்பாலும் முதலில் காண்பது எங்கள் சொந்தப் படத்தொகுப்பில். வட்ஸ்அப் குழுவுக்கு வருகிற படமும், வைஃபை இருந்தால் காணொளியும், அமைப்பை மாற்றாவிட்டால், தானாக இறங்கிப் போனிலேயே சேர்ந்துவிடும். தகப்பனின் கூட்டாளிகள் அனுப்பிய ஆபாசத் துணுக்கு, விபத்தில் சிதைந்த உடல், யாரோ யாரையோ அடிக்கிற காட்சி எல்லாம் பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. வீட்டுப்பாடத்தைப் பார்க்கப் போனை எடுத்த பிள்ளை அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். அனுப்பியவர்கள் நாங்கள். வைத்திருந்தவர்களும் நாங்கள்.

இதைவிட எனக்கு மனம் தாங்காத ஒன்று, பிள்ளைகளையே நாங்கள் காட்சிப்பொருளாக்கியது. இல்ல விளையாட்டுப் போட்டி, ஏடு தொடக்குதல், ஆசிரியர் தினம் என்று எது நடந்தாலும் பிள்ளையின் முகமும் பெயரும் வகுப்பும் பாடசாலைப் பெயரும் அன்று மாலையே பேஸ்புக்கில் ஏறிவிடும். தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வரும் நாளில் இது உச்சத்துக்குப் போகும். சுட்டெண் தெரிகிற பெறுபேற்றுத் தாளைப் படமெடுத்துப் போடுகிறோம். ரியூட்டரிகள் பத்து வயதுப் பிள்ளைகளின் முகங்களை வரிசையாக அடுக்கி, கீழே புள்ளிகளை எழுதிப் பதாகை செய்கின்றன. அதை நாங்களே பகிர்கிறோம். முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்த ஒரு பதிவில் இருக்கிறது. இனி வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளை. அதுவும் போனைத் திறக்கிறது. அதே வகுப்புப் பிள்ளைகளின் முகங்களை எண்ணிப் பார்க்கிறது. தன் முகம் இல்லாததைக் காண்கிறது. இருநூறு புள்ளிக்கு நடக்கும் ஒரு பரீட்சையை வைத்து, பத்து வயதில் ஒரு பிள்ளையை ஊரறிய உயர்த்தவும் ஊரறிய ஒதுக்கவும் எங்களுக்கு யார் உரிமை தந்தது? படத்தைப் போடலாமா என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்ட நினைவு எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஏதாவது நடந்துவிட்டால் நாங்கள் செய்தவை இன்னும் மோசம். யாரோ அசிங்கமாகக் குரல்பதிவு அனுப்பினார் என்று பிள்ளை வந்து சொன்னால், முதல் அடி பிள்ளைக்கு விழுந்தது. அடுத்ததாகப் போனைப் பறித்தோம். பிறகு, யாரும் காணக்கூடாதென்று உரையாடலையும் படங்களையும் அழித்தோம். பொலிஸுக்குக் காட்ட எதுவும் மிஞ்சவில்லை. பிள்ளைக்கோ, சொன்னால் அடியும் விழும், போனும் போகும் என்பது பதிந்துவிட்டது. அடுத்த முறை அது சொல்லாது. செய்தவர் உறவுக்காரர் என்றால் ஊர்ப் பெரியவர்கள் கூடி, குடும்பப் பெயர் கெடாமல் பேசித் தீர்த்தார்கள். இந்தப் பேசித் தீர்த்தலைத் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று வித்தியாசமில்லாமல் மாவட்டம் முழுவதும் செய்திருக்கிறோம்.

சட்டம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. சிறுவர் சம்பந்தப்பட்ட ஆபாசப் படங்களை எடுப்பதும் வைத்திருப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி 1995 முதல் குற்றம். 2006இல் வந்த திருத்தம், கணினி வழியாகச் சேவை வழங்குகிறவர் அது சிறுவர் பாலியல் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதன் 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது அது கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று எழுதினோம். எழுதியது சரிதான். அதே சட்டத்தில் சிறுவர் துஷ்பிரயோகம் பற்றியும் ஏற்பாடு இருந்தது. அது போதுமானதா, எப்படி அமுலாகும் என்று எழுத எங்களிடம் ஒரு பந்தி மிஞ்சவில்லை. 2021 நடுப்பகுதியில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி இணைய விளம்பரங்கள் வழியாக விற்கப்பட்ட வழக்கு கல்கிசையில் வெளிவந்து நாட்டை உலுக்கியது. கைதானவர்களின் பட்டியலை நாளாந்தம் வாசித்தோம். அது தெற்கில் நடந்தது என்ற ஆறுதல் எங்களுக்குள் இருந்ததை மறுக்க முடியாது.

அதே ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளையும் ஏற்றிய மிதப்புப் படகு கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். கிண்ணியா கொதித்தது. அந்தப் படகுக்கு அனுமதி கொடுத்தது யார், எத்தனை பேரை ஏற்றலாம், உயிர்காப்பு அங்கி எங்கே, பாலம் ஏன் தாமதமானது என்று தெருவில் இறங்கிக் கேட்டோம். கேட்டதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை. அந்த இழப்பை வேறெதனோடும் சேர்த்துப் பேச எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: யார் அனுமதித்தது, யார் பொறுப்பு, என்ன பாதுகாப்பு என்று கேட்கத் தெரிந்த மக்கள் நாங்கள். நாள்தோறும் பிள்ளை கையில் எடுக்கிற ஒரு கருவியைப் பற்றி அந்தக் கேள்விகளில் ஒன்றையும் கேட்கவில்லை.

புதிய பாடத்திட்டத்துக்காக அச்சிட்ட தரம் 6 ஆங்கிலப் பாட நூலில், பிள்ளைகளுக்குப் பொருத்தமற்ற ஓர் இணையத்தளத்தின் பெயர் இருந்தது அண்மையில் தெரியவந்தபோது நாடே எழுந்தது. நூல் விநியோகம் நிறுத்தப்பட்டது. அந்த வகுப்புக்கான சீர்திருத்தமும் தள்ளிப் போடப்பட்டது. கோபப்பட்டது சரி, ஆனால் எங்கள் கோபம் இன்னும் பிள்ளையின் கைக்கு வந்து சேராத ஒரு பக்கத்தின் மீது. ஏற்கெனவே கையில் இருக்கிற திரையில் அதைவிட மோசமானவை கேட்காமலே வந்து நிற்கின்றன. அவுஸ்திரேலியா 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் தடை செய்திருக்கிறது. அந்த வழி சரியா என்று அங்கேயே வாதம் நடக்கிறது. எங்கள் ஊரில் அந்த வாதம் காதில் விழவே இல்லை.

ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வீட்டுப்பாடத்தை வட்ஸ்அப்பில் போடச் சொன்னார்கள், போட்டார்கள். இரவு பத்து மணிக்கும் பெற்றோருக்குப் பதில் எழுதுகிறார்கள். ஆனால் வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதி, கொப்பியில் பார்த்து எழுத வைத்தால் ஆறு வயதுப் பிள்ளை மாலையில் போனைத் தொட ஒரு காரணம் குறையும். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. ஐந்தில் ஒன்றாவது தரம் 1 முதல் 5 வரை வீட்டுப்பாடம் போனில் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாம். அதற்குக் கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும் என்றால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் நாங்களே கேட்கலாம். கூரைத் தகட்டுக்கும் விளையாட்டு உடைக்கும் காசு சேர்க்கத் தெரிந்த சங்கம்தான் அது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவரைச் சிறுவர் தினத்தன்று மேடைக்கு மட்டும் அழைத்து வந்தோம். தவணைக்கு ஒருமுறை பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்து, பிள்ளை வந்து சொன்னால் அடிக்காமல் கேட்பது எப்படி, எதை அழிக்காமல் வைத்திருப்பது, எந்தப் பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பணியகத்துக்குப் போவது என்று அவர் வாயால் கேட்க வேண்டும். போக முடியாத தாய்க்கு, சவூதியில் இருக்கிற உம்மாவுக்கு, அதைக் குரல்பதிவாக அனுப்பலாம், அவள் கேட்பாள்.

அதற்கு முன்னால், யாருடைய அனுமதியும் தேவைப்படாத ஒரு வேலை இருக்கிறது. கடந்த வருடங்களின் புலமைப்பரிசில் படங்கள், சுட்டெண் தெரிகிற தாள்கள், சீருடையில் பாடசாலைப் பெயரோடு நிற்கிற முகங்கள் எல்லாம் இன்னும் எங்கள் பக்கங்களில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கின்றன. போட்டவர்களே போய் எடுக்க வேண்டும். ரியூட்டரி நடத்துகிறவர்களிடம் பெற்றோர் நேரில் போய், என் பிள்ளையின் படத்தை எடுங்கள் என்று கேட்க வேண்டும். தயங்குபவர்கள் நாலு பேராகச் சேர்ந்து போகலாம்.