கூட்டத்தைக் கலைக்காமல் பேச்சை நிறுத்துவதா?

'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் இட ஒதுக்கீட்டு எதிர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் 1989-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திரையிட வழிவிட்டது சரியே. எதிர்ப்பு கிளம்பும், கலவரம் வரும் என்றது மாநில அரசு. ஒழுங்கைக் காப்பது உங்கள் கடமை, கைவிரிக்க முடியாது என்றது நீதிமன்றம். பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல நேரடியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. கூட்டத்தைப் பார்த்து 'இவனை அடி' என்று ஏவுவது அப்படிப்பட்ட பொறி, நாவல் அல்ல. இருந்தும் ஒரு நாவலை எதிர்த்துக் கூட்டம் திரண்டபோது, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் 'அமைதிப் பேச்சு' நடத்தி, அந்த 'மாதொருபாகன்' நாவலை எழுதிய பெருமாள்முருகனிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். கலைக்க வேண்டிய கூட்டத்தை விட்டுவிட்டு, எழுதியவரைப் பணியவைத்தார்கள். அப்படி எழுதி வாங்கிய ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை ஆயிற்று. அவ்வளவு காலமும் எழுத்துலகிலிருந்து ஒதுங்கியிருந்தார் அவர்.