எஞ்சின் விளக்கும் பழுதுக் குறியும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பலாவும் மிளகும் சேந்தமங்கலத்தில் இறக்கும் மோட்டார் வண்டிகளில் எஞ்சின் விளக்கு எரிந்தவுடன் உறுப்பை மாற்றிவிடுவது குடியானவர்களுக்கு வீண் செலவேயாகும். ஸ்கேனர் கருவியில் 'பி 0118' என்னும் குறி தோன்றுவதாகக் கொள்வோம். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளக்கும் சென்ஸாரின் மின்சுற்றில் வோல்டேஜ் அளவுக்கு மிஞ்சியுள்ளது என்பதே அதன் பொருள். சென்ஸார் கெட்டது என்பதன்று. ஒயர் அறுந்தாலும் இணைப்பு கழன்றாலும் இக்குறியே தோன்றும். களத்தோரம் நிற்கும் வண்டியில் எலி செய்யும் வேலையைச் சொல்லவும் வேண்டுமோ? ஆதலின் மெக்கானிக் முதலில் ஒயரைச் சோதித்தல் வேண்டும். குறியை அழித்து விளக்கை அணைப்பது பழுது பார்த்தலாகாது. பழுது இருக்குமாயின் விளக்கு மீண்டும் எரியும். அழிக்குமுன் அக்குறியை எழுதி வாங்கிக்கொள்ளுதல் நலம்.