ஒரு பாட்டில், ஒரு வாழைப்பழம்

1911-ல் ஒரு நாள் இரவு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் கல்லூரிப் பாடத்தை மூடி வைத்தார். பேராசிரியர் மார்கனின் பழ ஈக்களைப் பற்றிய கணக்குகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு குரோமோசோமில் மரபணுக்கள் எந்த வரிசையில் உள்ளன என்று விடிவதற்குள் வரைந்துவிட்டார். உலகின் முதல் மரபணு வரைபடம் அது. அவருக்கு வயது 19. நம் ஊரில் என்றால் இன்டர்னல் மதிப்பெண் போயிருக்கும்.

இங்கே வழியே இல்லை என்று சொல்ல முடியாது. பெங்களூர், டெல்லி, அலகாபாத் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதெமிகளும் சேர்ந்து கோடைகால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்யலாம். ரயில் கட்டணமும் உண்டு. ஆனால் விண்ணப்பிக்க ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். என்ன ஆராய விருப்பம் என்று ஆங்கிலத்தில் எழுதவும் வேண்டும்.

அந்த ஆங்கிலத்துக்காகத்தான் விலங்கியல் மாணவி ஒருவர் என்னிடம் வந்தார். விடுதியில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். ஒன்றில் மட்டும் கொசுப் புழு. ஏன்? மூன்று மாதம் தினமும் எண்ணி ஒரு நோட்டில் குறித்திருந்தார். விண்ணப்பத்திலோ அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 'புற்றுநோயைக் குணப்படுத்த விரும்புகிறேன்' என்று இருந்தது. தொட்டியைப் பற்றி எழுதுங்கள் என்றேன். "அது ஆராய்ச்சியா சார்?" என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விடை தெரிந்த சோதனையைச் செய்து, சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் படம் வரைவதுதான் பல கல்லூரிகளில் செய்முறை வகுப்பு. தவளை அறுப்பது நின்றது நல்லதே. பல இடங்களில் அதன் இடத்துக்குச் சுவரில் மாட்டிய சார்ட்தான் வந்தது. பழ ஈ வளர்க்க ஒரு பாட்டில், கனிந்த வாழைப்பழம், வாயை அடைக்கப் பஞ்சு போதும். முட்டையிலிருந்து ஈயாக சுமார் பத்து நாள். எந்தத் துறைத்தலைவரும் இதற்கு நிதி கேட்க வேண்டியதில்லை. மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் முன்னெடுத்த கூட்டு முயற்சியில் கல்லூரி மாணவர்கள் பழ ஈ, நத்தை, மண்புழு போன்றவற்றைத் தாங்களே வளர்த்து, தங்கள் கேள்விக்குத் தாங்களே சோதனை வகுக்கிறார்கள். கேள்வி கேட்பவருக்கு வகுப்பில் ஒரு மணி நேரம் தரும் ஆசிரியர்தான் அரிது. பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் அவர்களுக்கும் நேரமில்லை என்பது உண்மைதான்.

தொட்டிகளைப் பற்றி மாணவி புதிதாக எழுதினார், நான் மொழிபெயர்த்தேன். பரிந்துரைக் கடிதம் கேட்டபோது, முதலில் ரெக்கார்டை முடித்துக் கையெழுத்து வாங்கச் சொன்னார்களாம். கையெழுத்து கிடைப்பதற்குள் கடைசி நாள் போய்விட்டது. இப்போது இரண்டாவது தொட்டியிலும் புழு வந்திருக்கிறதாம், எண்ணிக்கொண்டிருக்கிறார்.