குடும்பத்தின் பெயரால் ஒரு வண்டி

குடும்பத்தின் பெயரால் நம் நாட்டில் நடக்கிற மோசடிகளுக்குக் கணக்கே இல்லை. லஞ்சம் வாங்குகிறவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்காக வாங்குகிறான். வரதட்சணை கேட்கிறவன் குடும்ப கௌரவத்துக்காகக் கேட்கிறான். இப்போது கோடி ரூபாய்க்கு மேல் விலை போட்ட மோட்டார் வண்டியும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது.

எனக்குக் கார் மேல் விரோதமில்லை. ஆடம்பரத்தின் மேலும் இல்லை. என் நாவல் ஒன்றைப் படமெடுக்க உரிமை கொடுத்ததில் பணம் வந்திருக்கிறது. மீதிக்குக் கடன் தர வங்கி காத்திருக்கிறதாம். பழைய காரோ ஓய்வு கேட்கிறது. “சொகுசு எஸ்.யு.வி. ஒன்று வாங்கிவிடுங்கள் அத்தான், குடும்பத்துக்குப் பாதுகாப்பு” என்று என் மைத்துனன் வழவழப்பான வண்ணப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். வாங்குவதா வேண்டாமா என்பது என் சொந்த விவகாரம். ஆனால் வாங்கச் சொல்கிறவர்கள் அடுக்குகிற காரணங்கள் ஊர் விவகாரம். அவற்றைச் சும்மா விட எனக்கு மனமில்லை.

பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 7 என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் அந்நியம், சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் நம் பிள்ளைகள்தாம் அதைப் பூட்டி முடுக்குகிறார்கள். நீளம் 5 மீட்டருக்கு மேல். அகலம் 2 மீட்டர். எடை ஏறத்தாழ இரண்டரை டன். ஏழு பேர் உட்காரலாம். சரி, ஏழு பேரும் உட்கார்ந்த பிறகு பெட்டிகளுக்கு மிஞ்சுகிற இடம் 326 லிட்டர். ஒரு சின்ன செடான் காரின் டிக்கியில் இதைவிடத் தாராளமாக இடமிருக்கும்! திருச்செந்தூருக்கு ஏழு பேர் புறப்பட்டால் பாதிப் பேர் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மாற்றுத் துணி இல்லாத குடும்பம் போலும் இவர்கள் சொல்கிற குடும்பம்.

மழையைச் சொல்கிறார்கள். சென்னையில் வெள்ளம் வருமாம், உயரமான வண்டி வேண்டுமாம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது கார்கள் விலை வித்தியாசம் பாராமல் மூழ்கின. ஆட்களைக் கரைசேர்க்க வந்தவை மீனவர்களின் படகுகள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் கார்க்காரர்கள் என்ன செய்தார்கள்? வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டிகளை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். வண்டி குடும்பத்தைக் காப்பாற்றுமென்று வாங்கி, கடைசியில் குடும்பம் வண்டியைக் காப்பாற்ற ஓடுகிறது!

இவையெல்லாம் போகட்டும். பாதுகாப்பு என்கிறார்களே, அதைத்தான் பேச வேண்டும். இரண்டரை டன் இரும்புக்குள் இருக்கிறவன் பத்திரமாகத்தான் இருப்பான், நான் மறுக்கவில்லை. வெளியே இருக்கிறவன்? 2022-ம் வருஷம் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு இது. அவர்களில் 32,825 பேர் வெறுமனே நடந்துபோனவர்கள். ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இரு சக்கர வண்டிக்காரர்கள். அமெரிக்காவில், காப்பீட்டுக் கம்பெனிகளே பணம் கொடுத்து நடத்துகிற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிலையம் ஒன்று 2023-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிந்த முகப்புள்ள கார் மோதுவதைவிட, நடந்துபோகிறவர் சாகிற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். தாழ்ந்த கார் காலில் இடிக்கும். ஆள் பானெட் மேல் சாய்வான். உயர்ந்த வண்டி நெஞ்சிலும் தலையிலும் இடிக்கும். நான்கு வயதுக் குழந்தையின் மொத்த உயரமே ஏறக்குறைய 40 அங்குலம்தான் ஐயா!

ஆக, எனக்கு விற்கப்படுகிற பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது? பிளாட்பாரம் இல்லாத தெருவில் நடக்கிறவன் உடம்பிலிருந்து. அந்தத் தெருவில்தான் என் இரண்டு பிள்ளைகளும் தினந்தோறும் புத்தக மூட்டையோடு பள்ளிக்கு நடக்கிறார்கள். காய்கறி வாங்க என் மனைவி நடக்கிறாள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற ஒரு மணி நேரம் மட்டும்தானா அவர்கள் என் குடும்பம்? மற்ற நேரங்களில், இன்னொருவன் தன் குடும்பத்துக்காக வாங்கிய வண்டிக்கு முன்னால் அவர்கள் யார்?

சர்க்காரும் தன் பங்குக்கு உபகாரம் செய்திருக்கிறது. 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 22 சதவீத செஸ்ஸுமாக 50 இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது. பாவம், அவ்வளவு நாளும் சிரமப்பட்டிருப்பார்கள்.

‘எனக்கு ஆசை, என்னிடம் பணம் இருக்கிறது, உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கப் பிடிக்கிறது’ என்று ஒருவன் சொல்லி வாங்கினால் அவனிடம் எனக்குக் கோபம் வராது. அந்த யோக்கியனோடு காப்பி சாப்பிடவும் தயார். தன் ஆசையைப் பெண்டாட்டி பிள்ளைகள் தலையில் கட்டுகிறவனிடம்தான் எனக்குச் சண்டை.

நான் வாங்கப் போவது 4 மீட்டருக்குள் அடங்குகிற ஒரு கார். எங்கள் தெருவில் அதை நிறுத்தினாலும் பால்காரர் சைக்கிள் போக வழி இருக்கும். மிச்சப் பணத்தில் அம்மாவின் இரண்டு முழங்கால்களுக்கும் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறாள் என் மனைவி. அம்மா கோயிலுக்கு நடந்துபோய் மூன்று வருஷமாகிறது.