விளக்கு அணையாத கடை



ஜப்பான் போய் வந்தவர்கள் ஃபுஜி மலையைப் பற்றிப் பேசுகிறார்களோ இல்லையோ, ‘கொன்பினி’யைப் பற்றிப் பேசாமல் விடுவதில்லை. இரவு பகல் பாராமல் திறந்திருக்கும் சின்னக் கடை. பெரும்பாலும் செவன் இலெவன், ஃபேமிலிமார்ட், லாசன் ஆகிய மூன்றில் ஒரு பெயர்ப்பலகை. நாடு முழுக்க இப்படி 50,000 கடைகளுக்கு மேல் இருக்கின்றன.

அங்கே விற்கும் சோற்றுருண்டையைச் சொல்லியாக வேண்டும். ஓனிகிரி என்பார்கள். முக்கோணமாகப் பிடித்த சோற்றைச் சுற்றிக் கடற்பாசித் தாள். சோற்றின் ஈரம் பட்டால் தாள் நமுத்துப்போகும் அல்லவா? அதனால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் உறை. உறையின் மேல் 1, 2, 3 என்று எண்கள். அந்த வரிசைப்படி இழுத்தால் பிளாஸ்டிக் மட்டும் உருவிக்கொண்டு வரும். தாள் மொறுமொறுப்புக் குறையாமல் சோற்றைப் போர்த்திக்கொள்ளும். ஆபீசுக்கு ஓடுகிறவரின் காலைச் சாப்பாட்டுக்காக யாரோ எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்!

அதே கடையில் கரண்ட் பில் கட்டலாம், பணம் எடுக்கலாம், பார்சல் அனுப்பலாம். 2017-ல் ஜப்பான் அரசு, பேரிடர் நேரத்தில் கைகொடுக்க வேண்டிய அமைப்புகளின் பட்டியலில் இந்த மூன்று நிறுவனங்களையும் சேர்த்துவிட்டது.

ஆரம்பம் என்னவோ அமெரிக்காவில்தான். 1927-ல் டல்லாஸ் நகரின் ஐஸ் டிப்போ ஒன்றில், ஐஸ் வாங்க வந்தவர்களுக்குப் பாலும் ரொட்டியும் முட்டையும் சேர்த்து விற்றார்கள். 1946-ல் காலை 7 முதல் இரவு 11 வரை கடை உண்டு என்பதையே பெயராக்கினார்கள். 1974 மே மாதம் அந்தப் பெயர் டோக்கியோவின் டொயோசு பகுதிக்கு வந்தது. கடையைத் திறந்தவர் குடும்பத்தின் மதுக்கடையை நடத்திவந்த ஓர் இளைஞர். முதல் போணி, 800 யென் விலையில் ஒரு கறுப்புக் கண்ணாடி.

சங்கிலிக் கடைகள் வந்தால் சின்னக் கடைகள் அழிந்துவிடும் என்று நாம் பேசிவருகிறோம். ஜப்பானில் நடந்தது கொஞ்சம் வேறு. சின்னக் கடைக்காரரையே அவர் இடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். பெயர்ப்பலகை, சரக்கு, கணக்கு முறை எல்லாம் கம்பெனியுடையது. ஆள் சம்பளமும் கண்விழிப்பும் கடைக்காரருடையது. லாபத்திலும் கம்பெனிக்குப் பங்கு உண்டு.

இதன் கசப்பு 2019-ல் வெளியே வந்தது. ஹிகாஷி ஒசாகாவில் ஒரு கடைக்காரர். கூட நின்று கடையைப் பார்த்துக்கொண்ட மனைவி இறந்துவிட்டார். ராத்திரி வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒரு மணி முதல் ஆறு மணி வரை கடையைச் சாத்தினார். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்றது கம்பெனி. அபராதப் பேச்சும் எழுந்தது. நாடே அவரைப் பற்றிப் பேசியது. அடுத்த ஆண்டு ஜப்பானின் வணிகப் போட்டி ஆணையம், 24 மணி நேரமும் திறந்தே வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது சட்ட மீறலாகலாம் என்று சொன்னது. இப்போது ராத்திரியில் சாத்திவைக்கும் கடைகளும் அங்கே உண்டு. நள்ளிரவில் சோற்றுருண்டை கிடைக்காததால் யாரும் கெட்டுப்போய்விடவில்லை!

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2021-ல் செவன் இலெவன் மும்பைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே, 2019-ல், 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கத் தமிழக அரசு அனுமதி கொடுத்தது. ராத்திரி வியாபாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து வருகிற நர்சம்மாவுக்கும் ஆட்டோக்காரருக்கும் கடை வேண்டும்தான். கண்விழிக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஒன்று கிடைத்தே ஆக வேண்டும். 2021-ல் நம் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. அடுத்த முறை சூப்பர் மார்க்கெட்டிலோ ஜவுளிக் கடையிலோ பில் போடக் காத்திருக்கும்போது, கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால் அதில் யாராவது உட்காருகிறார்களா? பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்