தாயின் கணக்கில் எழுதாதீர்கள்

ஒரு குழந்தை விரல்கள் இல்லாமல் பிறக்கிறது. பார்க்க வருகிறவர்கள் குழந்தையைப் பார்த்துவிட்டு நேராகத் தாயிடம் திரும்புகிறார்கள். "கிரகணத்தப்போ வெளியே போனியாம்மா?" "அரிவாள்மனையில காய் நறுக்கினியா?"

பிள்ளை பெற்று நாலு நாள்கூட ஆகாதவளிடம் கேட்கிற கேள்வியா இது?

இப்படிப் பிறப்பதற்கு ஒரு காரணம் அம்னியாட்டிக் பேண்ட் சிண்ட்ரோம். கருவில் குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குடத்தின் உள்சவ்வு கிழிந்து நார் நாராகப் பிரிகிறது. அந்த நார் விரலிலோ, கையிலோ, காலிலோ சுற்றிக்கொள்கிறது. குழந்தை வளரும், நார் வளராது. சின்ன மோதிரம் மாட்டியது போல இறுகிக்கொண்டே போகும். சில குழந்தைகளுக்குத் தோலில் ஒரு பள்ளத்தோடு போய்விடும். சிலருக்கு விரலோ கையோ கருவிலேயே துண்டாகிவிடும். மருத்துவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் இதுதான். சவ்வு ஏன் கிழிந்தது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. இது பொதுவாகப் பரம்பரையாக வருவதும் இல்லை. அடுத்த குழந்தைக்கும் வருவது மிக அரிது.

தாய்தான் காரணம் என்று இன்னும் நினைப்பவர்கள் ஷகீம் கிரிஃபினைப் பாருங்கள். 1995-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பிறந்த இரட்டையரில் ஒருவர். இடது கை இந்தப் பாதிப்போடு இருந்தது. வலி தாங்காமல் தவித்ததால் 4 வயதில் அந்தக் கையை அகற்றினார்கள். கூடப் பிறந்த ஷகீலுக்கு இரண்டு கைகளும் நன்றாக இருந்தன. ஒரே தாய், ஒரே வயிறு, ஒரே சாப்பாடு! தாய் செய்த தவறு என்றால் ஒருவரை மட்டும் எப்படிப் பிடித்தது?

அந்த ஷகீம் 2018-ல் சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குத் தேர்வானார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே அணியில் ஆடினார்கள்.

எல்லோரும் ஷகீம் ஆக வேண்டியதில்லை. ஆனால் சிகிச்சை கிடைக்க வேண்டும். நார் ஆழமாக இறுக்கி, அதற்குக் கீழே வீங்கியிருந்தால் சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்தால்தான் கையையோ காலையோ காப்பாற்ற முடியும். அந்த நேரத்தில் வீட்டார் பரிகாரம் தேடி அலைந்தால் நஷ்டம் குழந்தைக்குத்தான்.

ரசீது இல்லாமல் எதையும் கணக்கில் எழுதக் கூடாது என்பது காமர்ஸ் படிப்பவர்களுக்கு முதல் பாடம். ஊர் மட்டும் எந்த ஆதாரமும் இல்லாமல் எல்லாவற்றையும் தாயின் பெயரில் பற்று எழுதுகிறது.

அடுத்த முறை அப்படி ஒரு குழந்தையைப் பார்க்கப் போனால் கிரகணத்தை விட்டுவிடுங்கள். "டாக்டர் என்ன சொன்னார், நாங்க கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். அது போதும்.