வாயைப் பூட்டினால் நோய் போகுமா?

தெருவில் ஒரு வீடு தீப்பிடித்தால் முதலில் கூச்சல் போடுகிறவன் யார்? தீயணைக்கும் படையா? இல்லை. பக்கத்து வீட்டுக்காரன்தான்.

"எதற்கு சத்தம் போட்டாய்?" என்று அவனைப் பிடித்து லாக்-அப்பில் தள்ளினால் தெரு என்ன ஆகும்?

2020-ம் ஆண்டில் சீனாவின் வூகான் நகரில் நடந்தது அதுதான்.

ஒரு கோடிக்கும் அதிகமான ஜனங்கள் வாழும் ஊர் வூகான். 2019 டிசம்பர் 30-ந்தேதி, அங்குள்ள மத்திய ஆஸ்பத்திரியின் கண் டாக்டர் லீ வென்லியாங், கூடப்படித்த டாக்டர்களுக்கு செல்போனில் ஒரு தகவல் அனுப்பினார். 'சார்ஸ்' மாதிரி நோய் வந்திருக்கிறது, ஜாக்கிரதை என்பதுதான் தகவல்.

ஜனவரி 3-ந்தேதி போலீஸ் அவரைக் கூப்பிட்டது. பொய் பரப்பியதாகக் கண்டித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியது.

ஊர் வாயை மூடிக்கொண்டது. நோய் மூடிக்கொண்டதா?

ஜனவரி 18-ந்தேதி அதே ஊரில் 40 ஆயிரம் குடும்பங்களுக்குக் கூட்டு விருந்து நடந்தது. 20-ந்தேதிதான், இது மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் என்று வெளியே சொன்னார்கள். 23-ந்தேதி ஊரைப் பூட்டினார்கள். அதற்குள் 50 லட்சம் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டதாக மேயரே சொன்னார்!

பிப்ரவரி 7-ந்தேதி டாக்டர் லீ அதே நோயில் செத்துப்போனார். மார்ச் மாதம் போலீஸ் தன் கண்டனத்தை வாபஸ் வாங்கி, அவர் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது.

போன உயிர் மன்னிப்பால் வருமா?

துணி வியாபாரி

பாங் பின் என்பவர் வூகானில் துணி வியாபாரி. அவர் நிருபர் அல்ல. பிப்ரவரி 1-ந்தேதி ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று படம் எடுத்தார். வேனில் ஏற்றிய பிணப் பைகளை எண்ணினார். 5 நிமிஷத்தில் 8 பைகள்!

அதை ஊருக்குக் காட்டினார். அவருக்குக் கிடைத்தது 3 ஆண்டு ஜெயில். 2023 ஏப்ரல் 30-ந்தேதிதான் வெளியே வந்தார்.

வக்கீல் சென் சியூஷியும் வூகானுக்குப் போய்ப் படம் எடுத்தார். 2020 பிப்ரவரி 6-ந்தேதி காணாமல் போனார். 2021 செப்டம்பர் கடைசியில்தான் வெளியே முகம் காட்டினார்.

ஷாங்காய் நகரில் வக்கீலாக இருந்த ஜாங் ஜான் என்ற பெண்ணும் வூகானுக்குப் போனார். ஆஸ்பத்திரி, ரெயில் நிலையம் என்று சுற்றிப் படம் எடுத்தார். 'வம்பு வளர்த்தார்' என்று 2020 டிசம்பர் 28-ந்தேதி 4 ஆண்டு தண்டனை. ஜெயிலில் உண்ணாவிரதம் இருந்தார். மூக்குவழியே குழாய் போட்டு உணவு செலுத்தினார்கள். 2024 மே மாதம் விடுதலை. ஆகஸ்டில் மறுபடியும் கைது!

வதந்தி ஆபத்துதான்

நோய்க் காலத்தில் வதந்தி பரவாதா? பரவும். உயிரையும் குடிக்கும். சாராயம் குடித்தால் கொரோனா அண்டாது என்ற பேச்சை நம்பி, 2020-ல் ஈரானில் விஷச்சாராயம் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

ஆனால், காதில் விழுந்ததைச் சொல்பவனும் கண்ணால் கண்டதைக் காட்டுபவனும் ஒன்றா? முதல் ஆளுக்குச் சரியான தகவலால் பதில் சொல்லவேண்டும். இரண்டாவது ஆள் காட்டுவதைப் போய்ப் பார்க்கவேண்டும். இரண்டு பேருக்குமே விலங்கு மருந்தல்ல.

சீனத்து சுப்ரீம் கோர்ட்டின் பெயரில் 2020 ஜனவரி 28-ந்தேதி வந்த கட்டுரையே என்ன சொன்னது? அந்த 'வதந்தி'யை ஜனங்கள் அப்போதே நம்பி முகமூடி போட்டிருந்தால் நல்லதாகப் போயிருக்கும் என்றது!

இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் 17-ந்தேதி வூகான் அதிகாரிகள் சாவுக் கணக்கைத் திருத்தினார்கள். 1,290 பேரைக் கூடுதலாகச் சேர்த்து, மொத்தம் 3,869 என்றார்கள். வீட்டிலேயே செத்தவர்கள் உண்டு, ஆஸ்பத்திரிகள் நெரிசலில் கணக்குத் தரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

சர்க்கார் நோட்டுப் புத்தகத்தில் விடுபட்டது, தெருவில் நின்றவன் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. அவனை விட்டிருந்தால் கணக்கும் சரியாக இருந்திருக்கும். கடைக்காரனும் குமாஸ்தாவும் முன்கூட்டியே உஷாராகி இருப்பார்கள்.

ஜாங் ஜானுக்கு 2025 செப்டம்பரில் மேலும் 4 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டதாக 'எல்லைகளற்ற நிருபர்கள்' அமைப்பு அறிவித்தது.

டாக்டர் லீக்குச் செத்த பிறகு நியாயம் கிடைத்தது. ஜாங் ஜானுக்காவது உயிரோடு இருக்கும்போதே கிடைக்கட்டும். அவரை விடுதலை செய்யவேண்டும். இனி எந்த நாட்டில் எந்த நோய் வந்தாலும், முதலில் கூச்சல் போடுகிறவனைப் பிடிக்க ஓடாமல், தீ எங்கே என்று பார்க்க ஓடட்டும்!